பிலேயில் கிடைத்த படகு

சல்லால், அஸ்வான்
1975 மார்ச் 4

அன்புத் தங்கை நப்ராவுக்கு அண்ணன் அப்தூன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? ஷாயாவுக்கு மருத்துவமனையில் இரவு வேலை மாறியதா?

முதலில் செய்தி. பிலே தீவைச் சுற்றி அடித்த இரும்புச் சுவருக்குள் தண்ணீர் இறைத்து முடிந்தது. நேற்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு பம்பு ஓட்டுபவர் சொன்னார். சுவர்மேல் ஏறி நானும் பார்த்தேன். கோயில் முழுக்க வெளியே நிற்கிறது. அணை கட்டிய பிறகு நாம் கண்டது தூண்களின் தலைகளை மட்டும்தான். அடியில் இன்னும் ஆள் உயரத்துக்கு வண்டல் இருக்கிறது. அதை வாரி எடுத்த பிறகுதான் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து அடுத்த தீவில் கட்டுவார்கள். வண்டல் வாரும் கூட்டத்துக்கு என்னை மேஸ்திரியாகப் போட்டிருக்கிறார்கள்.

வேலை தொடங்குமுன் தொல்பொருள் ஆய்வாளரைப் போய்ப் பார்த்தேன். கெய்ரோக்காரர், இளைஞர். அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: என் தங்கை கணவர் ஹஸபுல்லா படகோட்டி. அறுபத்தேழு போர் முடிந்த அடுத்த சனவரியில், வடகாற்று வீசிய ஒரு நாள், பயணிகள் யாரும் இல்லாமல் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு பிலே பக்கம் போனார். அவரும் வரவில்லை, படகும் வரவில்லை. ஏழு வருடமாகிறது. இந்த வண்டலில் அவருடைய எலும்பு இருந்தால் எங்களுக்கு வேண்டும். ஆய்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "மனுஷ எலும்பு எது கிடைச்சாலும் முதல்ல உங்களைக் கூப்பிடுறேன் மேஸ்திரி" என்றார். நல்ல மனிதராகத் தெரிகிறது.

தெற்கு முனையிலிருந்து தொடங்குகிறோம். ஹஸபுல்லா வழக்கமாகப் படகைக் கட்டிப்போடும், பிறப்புக் கோயில் என்கிற சின்னக் கோயில் பக்கத்துக்கு மே மாதம் வந்துவிடுவோம். எதுவானாலும் எழுதுகிறேன். ரயிலில் வரும் நம் ஊர்க்காரரிடம் வேர்க்கடலையும் தேநீர் போடக் கர்கதேப் பூவும் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

உன் அண்ணன்
அப்தூன்


அலெக்சாந்திரியா
மார்ச் 17

அன்புள்ள அண்ணனுக்கு, சொல்வது நப்ரா, எழுதுவது மகள் ஷாயா. வ அலைக்கும் ஸலாம். வேர்க்கடலை வந்தது. கால்வலி இருக்கத்தான் செய்கிறது, மாடியேறும்போது மட்டும். ஷாயாவுக்கு இன்னும் இரவு வேலைதான்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். அவருக்கு இடது கணுக்காலுக்கு மேலே எலும்பு முடிச்சுப் போட்டிருக்கும். கல்யாணத்துக்கு முன்பு பாய்மரம் விழுந்து முறிந்து, கோணலாகக் கூடியது. அதைப் பார்த்தால் தெரியும். ஆய்வாளரிடம் இதையும் சொல்லுங்கள்.

போன வாரம் ஷாயாவுக்குப் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளையின் தாய் வந்தார். மாப்பிள்ளை குவைத்திலிருந்து நோன்புப் பெருநாளுக்கு வருகிறார், இரண்டு மாதம் இருப்பார், அதற்குள் கல்யாணம் வேண்டுமாம். நான் என்ன சொல்ல? நம் வழக்கம் அவருக்கும் தெரியும். அழுது முடிக்காத வீட்டில் கொட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. நாங்கள் அழவே இல்லை. அழ வேண்டுமானால் இறந்தார் என்று தெரிய வேண்டும். அந்த அம்மா தேநீரை வைத்துவிட்டு, "உங்க வீட்டுல செத்தவரும் இல்ல, இருக்கிறவரும் இல்ல. நாங்க யாரைக் கேட்டுப் பொண்ணு எடுக்கிறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

இங்குள்ள நம் ஊர்ச் சங்கத்துப் பெரியவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். இரண்டில் ஒன்று தெரிந்தால் போதும் அண்ணா. மஹ்மூதியாக் கால்வாயில் நம் ஆற்றுத் தண்ணீர்தான் ஓடுகிறது என்பதால் ஒவ்வொரு வெள்ளியும் அங்கே போய் தண்ணீருக்கடியில் வாழும் ஆற்று மக்களுக்குப் பால்சோறு விட்டு வருகிறேன். அவரை வைத்திருந்தால் கொடுத்துவிடச் சொல்லி. இங்குள்ள பெண்கள் சிரிக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சேற்றில் நின்று சளி பிடிக்கப்போகிறது.

நப்ரா


சல்லால்
ஏப்ரல் 22

அன்புத் தங்கைக்கு, ஸலாம். சளி பிடிக்கவில்லை. வெயில் தொடங்கிவிட்டதால் சேறு பகலில் கல்லாகிவிடுகிறது. விடியற்காலையிலேயே வாரிவிடுகிறோம்.

தெற்கு மண்டபமும் மேற்குத் தூண்வரிசையும் சுத்தமாகிவிட்டன. கிடைத்தவற்றைச் சொல்கிறேன்: நங்கூரம், கண்ணாடிப் புட்டிகள், வெள்ளைக்காரப் பெண்ணின் ஒற்றைச் செருப்பு, மீன்வலைக் குண்டுகள். போன வாரம் எலும்பு கிடைத்தது. ஆய்வாளர் சொன்னபடி என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். கால் எலும்பு, பெரியது. நான் கணுக்கால் பக்கம் தடவிப் பார்த்தேன். அஸ்வானிலிருந்து மருத்துவர் வந்து கழுதை எலும்பு என்றார்.

என் கூட்டத்தில் ஹைஸா தீவுக்காரன் திய்யாப் என்று ஒருவன் இருக்கிறான். ஹஸபுல்லாவோடு படகோட்டியவன். நான் எலும்பைக் கீழே வைக்காமல் நின்றதைப் பார்த்து, "மேஸ்திரி, கழுதைக்கும் வீட்டுல யாராச்சும் காத்துக்கிட்டு இருந்திருப்பாங்க. புதைச்சிட்டுப் போவோம்" என்றான். புதைத்தோம்.

மருந்தை விடாமல் சாப்பிடு. ஷாயாவுக்கு என் அன்பு.

அப்தூன்


அலெக்சாந்திரியா
மே 25

அண்ணா, ஸலாம். நலமா? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. மே மாதம் அந்த இடத்துக்கு வந்துவிடுவோம் என்று எழுதியிருந்தீர்கள். மே முடியப்போகிறது. உடம்பு சரியில்லையென்றால் யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

நப்ரா


சல்லால்
ஜூன் 2

அன்புத் தங்கை நப்ராவுக்கு, ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

மே 14 அன்று ஹஸபுல்லாவின் படகு கிடைத்தது. பிறப்புக் கோயிலின் பின்புறம், தூண்களுக்கும் சுவருக்கும் நடுவே, வண்டலுக்கு அடியில் இருந்தது. அவருடையதுதான். முன்பலகையில் நம் தாய்மாமா வரைந்த முதலையின் சிவப்புச் சாயம் இன்னும் தெரிகிறது. திய்யாபும் பார்த்து உறுதி செய்தான்.

படகில் கல் இருந்தது. "கல் ஏற்றி வந்த படகு பாரம் தாங்காமல் காற்றில் மூழ்கியது" என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார். சுற்றிலும் சல்லடை போட்டுத் தேடிவிட்டோம், ஆள் கிடைக்கவில்லை. ஏழு வருடத்தில் நீரோட்டம் எங்கும் கொண்டுபோயிருக்கும்.

அஸ்வான் நீதிமன்ற எழுத்தரிடம் விசாரித்தேன். ஆள் காணாமல்போய் நான்கு வருடம் கடந்தாலே மனைவி கேட்கலாமாம், மூழ்கிய படகும் இரண்டு சாட்சியும் இருந்தால் இறந்தவர் என்று நீதிபதி தீர்ப்புச் சொல்வார் என்கிறார். அதற்குப் பிறகு நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து முடித்தால், பெருநாளுக்குப் பிறகாவது ஷாயாவின் கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம். நீ சரி என்றால் மனு கொடுத்துவிடுகிறேன்.

அல்லாஹ் உனக்குப் பொறுமையைத் தருவானாக.

அப்தூன்


அலெக்சாந்திரியா
ஜூன் 11

அன்புள்ள அண்ணனுக்கு, ஸலாம். நாங்கள் நலம்.

மனு கொடுப்பதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். கல் எப்படி இருந்தது, குவிந்து கிடந்ததா, பரப்பி இருந்ததா? கல்லுக்கு அடியில் சாக்கு இருந்ததா? துடுப்புகள் எங்கே?

வேறொன்றும் இல்லை.

நப்ரா

மாமா, இது ஷாயா. இதற்குக் கீழே இருப்பதை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டப்போவதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அம்மா அழுவார் என்று பக்கத்து வீட்டு அக்காவைக்கூடக் கூப்பிட்டு வைத்திருந்தேன். அழவில்லை. முன்பலகையில் முதலை இருக்கிறது என்ற வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார், அவ்வளவுதான். இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். காலையில் துடுப்பு எங்கே என்று கேட்டு எழுது என்றார். ஏம்மா, அப்பாவைக் கேட்காமத் துடுப்பைக் கேக்குறீங்க என்றேன். "நீ எழுதுடி" என்றார். மாமா, எனக்கு என்ன தெரியவில்லை? மருத்துவமனை முகவரிக்கு எழுதுங்கள்.


சல்லால்
ஜூன் 20

அன்புள்ள ஷாயாவுக்கு மாமா எழுதுவது. ஸலாம். இதைப் படித்ததும் கிழித்துவிடு.

நீ அலெக்சாந்திரியாவில் வளர்ந்தவள், உனக்குத் தெரிய வழியில்லை. இங்கே ஒரு படகோட்டி மாதக்கணக்கில் வெளியூர் போகிறான் என்றால் படகைக் கரையில் விட்டுப் போகமாட்டான். இந்த வெயிலில் பலகை வெடித்துவிடும். காற்றில்லாத இடமாகப் பார்த்து, படகுக்குள் சாக்கு விரித்து, அதன்மேல் தட்டைக் கற்களை அடுக்கி, தண்ணீருக்குள் இறக்கிவிடுவான். துடுப்புகளை இருக்கைப் பலகைக்கு அடியில் கட்டிவிடுவான். தண்ணீருக்குள் மரம் கெடாது. திரும்பி வந்ததும் முழுகிக் கல்லை எடுத்துவிட்டு, தண்ணீரை இறைத்துவிட்டு, அன்றைக்கே ஓட்டலாம்.

உன் அப்பாவின் படகில் கற்கள் முன்னிருந்து பின்வரை வீட்டுத் தளம்போல் அடுக்கியிருந்தன. அடியில் சாக்கு இருந்தது. துடுப்புகள் இருக்கைக்கு அடியில் கட்டியிருந்தன. வண்டலை விலக்கியதும் என் ஆட்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எல்லோரும் இந்தப் பக்கத்து ஆட்கள். ஆய்வாளருக்கு மட்டும்தான் அது கல் ஏற்றி வந்த படகு. அவர் எழுதியதை யாரும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை.

ஆகவே உன் அப்பா அன்றைக்கு மூழ்கவில்லை. எங்கே போனார், ஏன் போனார் என்று எனக்குத் தெரியாது, தெரியாததை எழுதமாட்டேன். அந்த வருடம் பயணிகளே இல்லை, அவரும் பேச்சைக் குறைத்திருந்தார், அது தெரியும். சல்லாலிலிருந்து சூடானுக்குப் போக அப்போதும் வழி இருந்தது, அதுவும் தெரியும்.

இன்னொன்று. படகை முழுக வைத்துப் போகிறவன் ஒருவரிடமாவது இடத்தைச் சொல்லிவிட்டுப் போவான், பெரும்பாலும் மனைவியிடம். இந்த ஒரு மாதமும் ஹைஸாவிலும் சல்லாலிலும் படகோட்டி ஒருவரையும் விடாமல் கேட்டுவிட்டேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வருகிறவனைப்போலப் படகை வைத்திருக்கிறார். திரும்பி வராதவனைப்போல வாய் திறக்காமல் போயிருக்கிறார். இரண்டில் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அம்மாவிடம் துடுப்பு கிடைக்கவில்லை என்று எழுதப்போகிறேன். விட்டுவிட்டுப் போனவனின் மனைவியாக இருப்பதைவிட விதவையாக இருப்பது அம்மாவுக்கு நல்லது என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் சொல்.

மாமா


சல்லால்
ஜூன் 21

அன்புத் தங்கைக்கு, ஸலாம். நலம்.

நீ கேட்டதற்குப் பதில். நான் போய்ச் சேர்வதற்குள் ஆட்கள் கல்லை வெளியே எடுத்துவிட்டார்கள், அது எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. சாக்கு இருந்திருந்தாலும் மக்கியிருக்கும். துடுப்புகள் கிடைக்கவில்லை.

மனு விஷயமாக உன் சம்மதத்துக்குக் காத்திருக்கிறேன். ஷாயாவுக்கு அன்பு.

அப்தூன்


அலெக்சாந்திரியா
ஜூலை 30

அன்புள்ள அண்ணனுக்கு, ஸலாம்.

பதில் எழுதத் தாமதமானதற்கு உடம்பு காரணமல்ல. இங்கே எல்லோரும் நலம்.

கோயிலைப் பிரிப்பதற்கு முன்பு நான் வந்து பார்க்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் வருகிறேன், நோன்புக்கு முன் திரும்பிவிடுவேன். ஷாயாவுக்கு விடுப்பு இல்லை. சங்கத்துக்காரர் ஒருவரின் குடும்பம் அதே ரயிலில் வருகிறது, அவர்களோடு வருகிறேன். பெண்களை உள்ளே விடமாட்டார்கள் என்று எழுதாதீர்கள். அந்த இளைஞர் நல்ல மனிதர் என்று நீங்கள்தான் எழுதினீர்கள்.

நப்ரா

மாமா, உங்கள் ஜூன் 21 கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். குரல் மாறாமல் படித்தேன் என்று நினைக்கிறேன். அம்மா "சரி" என்றார். அதற்குப் பிறகு துடுப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஷாயா.


சல்லால்
ஆகஸ்ட் 31

அன்புள்ள ஷாயாவுக்கு, ஸலாம். அம்மா இதற்குள் பத்திரமாக வந்து சேர்ந்திருப்பார். முழங்கால் வீங்கியிருந்தால் சுடுநீர் ஒத்தடம் கொடு, இங்கே படிகள் அதிகம்.

அவர் வந்தது 26 அன்று. மறுநாள் காலை திய்யாபின் படகில் கூட்டிப் போனோம். நம் ஊர்ப் பெண்கள் உடுத்தும் தரையில் இழுபடும் கருப்பு உடையில்தான் வந்தார். இரும்புச் சுவரில் ஏறி, உள்பக்கம் இறங்க ஏணிப்படி. சுவருக்கு வெளியே தண்ணீர் நம் தலைக்கு மேலே நிற்கிறது, சுவர் கசிந்துகொண்டே இருக்கும். அதற்கெல்லாம் அவர் பயப்படவில்லை. கீழே இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "கல்யாணமான புதுசுல இதுக்கு மேலதான் படகுல போவோம். கீழே தரை இருக்கும்னு நான் நினைச்சதே இல்லை" என்றார்.

கோயிலை முழுக்கச் சுற்றிப் பார்த்தார். எனக்குப் படகைக் காட்டிவிட்டு அனுப்பிவிட வேண்டும் என்று அவசரம். அவருக்கு அவசரமே இல்லை. தூண்களில் தண்ணீர் நின்ற கறை எங்கே முடிகிறது என்று அண்ணாந்து பார்த்தார். சுவர்களில் இருக்கும் உருவங்களின் முகங்களை யாரோ எந்தக் காலத்திலோ கொத்தி எடுத்திருக்கிறார்கள். யார் இவங்க என்று கேட்டார். வழிகாட்டிகள் சொல்லக் கேட்டிருந்த திய்யாப் சொன்னான்: "இது ஐசிஸ் கோயில். அவ புருஷனைக் கொன்னு துண்டு துண்டா ஆத்துல போட்டுட்டாங்க. இவ ஆறு முழுக்கத் தேடி, ஒவ்வொரு துண்டா எடுத்துக் கட்டிச் சேர்த்தா."

அம்மா அந்த உருவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவளுக்குத் துண்டாவது கிடைச்சுது" என்றார்.

பிறகு படகு. பிறப்புக் கோயிலுக்கு வெளியே மேட்டில் ஏற்றி வைத்திருந்தார்கள். கற்களை முந்தைய வாரமே தூரமாகக் கொண்டுபோய்க் குவித்துவிட்டேன். துடுப்புகளை எடுத்து என் அறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். அம்மா முன்பலகையில் முதலையைத் தொட்டார். பிறகு குனிந்து, இருக்கைப் பலகைக்கு அடியில் கையை விட்டார். அங்கே எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. துடுப்பை எடுக்கும்போது நான் கயிற்றை அறுத்தேனே தவிர முடிச்சை அவிழ்க்கவில்லை. முடிச்சு அங்கேயே இருந்தது. வெகுநேரம் அதை விரலால் தடவிக்கொண்டு நின்றார். கையை எடுத்து, கசிந்து தேங்கியிருந்த தண்ணீரில் கழுவிக்கொண்டார்.

திய்யாபிடம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, யார்கிட்ட இடத்தைச் சொல்லிட்டுப் போனாரு?"

திய்யாப் எதற்கும் ஒரு வேடிக்கை சொல்கிறவன். அன்றைக்கு என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "யார்கிட்டயும் இல்லக்கா" என்றான்.

"என்கிட்டயும் இல்ல" என்றார் அம்மா.

அவ்வளவுதான் பேச்சு. தூண் நிழலில் உட்கார்ந்து நான் கொண்டுபோன ரொட்டியையும் உப்பு மீனையும் சாப்பிட்டார், நன்றாகவே சாப்பிட்டார். ரயில் ஏற்றிவிடும்போது சன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஷாயாவுக்கு இது தெரியக் கூடாது அண்ணே. அவ அப்பா ஆத்துல போனவராவே இருக்கட்டும்" என்றார். சரி என்றேன். உனக்கு முன்பே தெரியும் என்பதை நான் சொல்லவில்லை. இனி அதை நீதான் முடிவு செய்ய வேண்டும்.

மாமா


அலெக்சாந்திரியா
அக்டோபர் 12

அன்புள்ள அண்ணனுக்கு, பெருநாள் வாழ்த்துகள். நோன்பு நல்லபடியாக முடிந்தது. உங்கள் உடம்பு எப்படி?

மாப்பிள்ளை வந்திருக்கிறார். மெலிந்து போயிருக்கிறார். டிசம்பர் முதல் வாரம் திரும்பிப் போக வேண்டுமாம். அவருடைய தாய் நேற்று வந்து, தீர்ப்பு வந்துவிட்டால் இத்தாவுக்குப் பிறகு மகனை மறுபடி வரச் சொல்கிறேன், தீர்ப்பு வரவில்லையென்றால் வேறு இடம் பார்ப்பேன் என்றார். அவர் சொல்வதில் தப்பில்லை.

மனு கொடுங்கள். அவர் மூழ்கிவிட்டார் என்று சாட்சி சொல்லுங்கள். இந்த வரியில் ஷாயா பேனாவை நிறுத்தினாள். எழுது என்றேன். கல் ஏற்றிய படகு, காற்று, மூழ்கிவிட்டார், ஆய்வாளர் எழுதியபடியே சொல்லுங்கள். சத்தியத்தில் பிழை இருந்தால் அந்தப் பாவம் என் தலையில் இருக்கட்டும், உங்கள் தலையில் வேண்டாம்.

இன்னொன்று. படகை மேட்டில் வெயிலில் போட்டிருக்கிறீர்கள். பலகை வெடித்துவிடும். கல்லைப் பழையபடி அடுக்கி, காற்றில்லாத இடத்தில் தண்ணீருக்குள் இறக்கி வையுங்கள். இடத்தை எனக்கு எழுதுங்கள்.

நப்ரா

மாமா, அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். கடைசிப் பத்தியை எழுதிவிட்டேனா என்று இரண்டு முறை கேட்டார். எனக்குத் தெரியும் என்று இன்னும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் அம்மா வேறு ஏதாவது பேச ஆரம்பித்துவிடுகிறார். ஷாயா.


சல்லால்
டிசம்பர் 20

அன்புத் தங்கை நப்ராவுக்கு, ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் இங்கே அமைதியாகக் கழிந்தது. உன் கால் குளிரில் எப்படி இருக்கிறது? மருந்தை நிறுத்தியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

மனு டிசம்பர் 9 அன்று விசாரணைக்கு வந்தது. நான் சாட்சி சொன்னேன். இரண்டாவது சாட்சியாகத் திய்யாபைக் கேட்டிருந்தேன். முந்தைய நாள் மாலை வந்து, "மேஸ்திரி, நீங்க சேத்துல இறங்குன்னா இறங்குறேன். அந்தக் கல்லைப் பார்த்துட்டு முழுகிட்டான்னு சொல்ல எனக்கு வாய் வராது" என்று சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. பம்பு ஓட்டுபவர் வந்து சொன்னார். அவர் தெற்கத்தியர் இல்லை.

நீதிபதி ஆய்வாளர் எழுதியதைப் படித்தார், எங்களிடம் ஒன்றும் குறுக்கே கேட்கவில்லை. தீர்ப்பு வந்துவிட்டது என்றே நினைத்தேன். உடல் கிடைக்காததால் பத்திரிகையில் அறிவிப்புப் போடச் சொன்னார். அது 16 அன்று வந்தது. வெட்டி இதோடு வைத்திருக்கிறேன், ஷாயா படித்துக் காட்டுவாள். திஹ்மித் ஊரைச் சேர்ந்த படகோட்டி ஹஸபுல்லா உயிரோடு இருந்தால் அடுத்த விசாரணை நாளுக்குள் நீதிமன்றத்தில் நேரில் வர வேண்டும், அவரைப் பற்றி அறிந்தவர்களும் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் அதில் இருக்கிறது.

படகைப் பற்றி. உன் கடிதம் இங்கே வந்து சேர்ந்தது அக்டோபர் 19. அதற்கு முந்தைய வாரமே கோயிலைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கற்களைப் படகில் ஏற்றி அடுத்த தீவுக்குக் கொண்டுபோகும்போது ஒன்றோடொன்று உரசாமல் இருக்க நடுவில் மரம் கொடுக்க வேண்டும். மரம் போதவில்லை, மேட்டில் கிடந்த எல்லாவற்றையும் எடுத்து அறுத்துவிட்டார்கள். நான் அன்று வேறு முனையில் இருந்தேன். முதலை வரைந்த முன்பலகை எங்கேயென்று தேடினேன், தெரியவில்லை. துடுப்புகள் கிடைக்கவில்லை என்று ஜூன் மாதம் எழுதியிருந்தேன். அவை என்னிடம் இருக்கின்றன.

மாப்பிள்ளை 5ஆம் தேதி குவைத்துக்குப் போய்விட்டதாகச் சங்கத்துக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளையின் தாய் வேறு இடம் பார்க்கிறாரா என்று சங்கத்துக்காரருக்கு உறுதியாகத் தெரியவில்லை. நீயும் எழுதவில்லை.

இப்போது மிச்சமிருப்பது இதுதான். அடுத்த விசாரணை 1976 மார்ச் 16. அதுவரை நீ ஹஸபுல்லாவின் மனைவிதான் என்று எழுத்தர் சொன்னார். யாரும் வராவிட்டால் அன்றே தீர்ப்பு, அன்றிலிருந்து உன் இத்தா. இந்தப் பத்திரிகை ரயிலில் இங்கே வந்து, இங்கிருந்து நீராவிப் படகில் சூடானுக்கும் போகிறது, அங்கே நம் ஆட்கள் வாங்கிப் படிக்கிறார்கள். அதையும் எழுத்தர்தான் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார்.

மார்ச் 16 காலை நீதிமன்ற வாசல் திறக்கும்போதே போய் நிற்பேன். மூடும்வரை இருப்பேன். யாராவது வந்தார்களா, வரவில்லையா என்று அன்று மாலைத் தபாலிலேயே எழுதுகிறேன். உனக்கு அது 22 வாக்கில் கிடைக்கும்.

அல்லாஹ்வின் பாதுகாப்பில் இருங்கள்.

உன் அண்ணன்
அப்தூன்